இருபத்தெட்டுக்கு முன் ஓர் உடுப்பு

உடுப்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருந்தால், என் தம்பி பிழைத்திருப்பானா? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

எங்கள் வீடு பாறசாலையில். அப்பா நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் குமஸ்தா. எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது, ஆடிமாதக் கர்க்கடக மழையில், தம்பி குறைமாதத்தில் பிறந்தான். பேறுகாலத்துக்குத் துணையாக வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அவனைப் பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி வைத்தார். எங்கள் பக்கத்தில் இருபத்தெட்டாம் நாள் பிள்ளையின் அரையில் சரடு கட்டுவார்கள். இருபத்தெட்டுக் கெட்டு என்று சொல்லும் அந்தச் சடங்கு கழியும்வரை தைத்த துணி எதுவும் பிள்ளைமேல் படக்கூடாது என்பது எங்கள் குடும்பத்து முறை.

அம்மா பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவள். பிளானல் துணியில் கையும் கழுத்தும் வைத்து ஓர் உடுப்பு தைத்து வைத்திருந்தாள். கிழிசல்களோ ஈரம் காயவே இல்லை. தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் குளிரில் சுருண்டு கிடந்தான்.

"மைனி, பிள்ளைக்கு தணுக்குவு. இந்த உடுப்பைப் போடட்டா?" என்று அத்தையிடம் கேட்டாள்.

"அரையில சரடு கெட்டாத்த பிள்ளைக்கு உடுப்பு எதுக்கு மக்கா? கச்சேரிக்கா போகப் போறான்?"

வழக்கு அப்பாவிடம் போயிற்று. அவர் சொற்களை ஆராய்வதில் பிரியமுள்ளவர். உடு என்றால் அரையைச் சுற்றிக் கட்டுவது, உடையும் உடுப்பும் அதிலிருந்து பிறந்தவை, மலையாளத்திலும் அப்படியே, சிப்பாய் போடுவதும் பிள்ளை போடுவதும் உடுப்புதான் என்று நீளமாக விளக்கினார். எதை உடுத்தாலும் முதலில் அரைக்கட்டு வேண்டும். ஆகவே அக்கா சொல்வதில் பொருள் இருக்கிறது என்று முடித்தார். அம்மா உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்தாள். படித்த அவளுக்கும் அது சரியென்றே பட்டிருக்கலாம். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

சில நாள் கழித்து ஒரு காலையில் அத்தை பெட்டியைத் திறந்து, அந்த உடுப்பை எடுத்து, அசையாமல் கிடந்த தம்பிக்குத் தம் கையாலேயே போட்டார். நாடாவை முடிய வெகுநேரம் ஆயிற்று.

"போட்டாச்சு மக்கா. ஒருக்கா பாரு," என்றார் அம்மாவிடம். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

நான் மழையில் இறங்கி அடுத்த வீட்டுக்கு ஓடினேன். தம்பிக்கு உடுப்பு போட்டாயிற்று, இனி கெட்டும் பாயசமும்தான் என்று சொன்னேன். அந்த வீட்டுப் பெண்கள் என்னை இழுத்துத் தலையைத் துவட்டி, சாயங்காலம்வரை வீட்டுக்கு அனுப்பவில்லை. நல்ல சேதி கொண்டுவந்தவளுக்கு உபசாரம் என்றே நினைத்திருந்தேன்.

இப்போது என் மகளுக்கு இன்னும் கெட்டு கழியவில்லை. மாமியார் கிழிசல்களைத் துவைத்து அடுக்கித் தந்திருக்கிறார். அன்பானவர், அவர் மனம் நோகவும் கூடாது. முறையை மீறினால் ஏதும் நேருமோ என்று காலையில் தோன்றுகிறது. மீறாவிட்டால் நேருமோ என்று மாலையில் தோன்றுகிறது. பிள்ளை பெற்று வளர்த்த தாய்மார் இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள், நான் அவளுக்கு உடுப்பைப் போடலாமா? மழை இப்போதைக்கு விடும் என்று தோன்றவில்லை.