நான் தள்ளிய 961

பேய் ராத்திரியில்தான் வரும் என்று அடித்துச் சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். எனக்கு வந்தது பட்டப்பகலில், ஏசி அறையில். இதில் ஒரு எழுத்துகூடக் கற்பனை இல்லை.

எனக்கு வானிலை மையத்தில் வேலை. கம்ப்யூட்டரின் கணிப்போடு கப்பல்களும் மிதவைகளும் அனுப்பும் அளவீடுகளைச் சேர்த்துத்தான் அறிக்கை தயாராகும். ஒரு அளவீடு கணிப்பிலிருந்து ரொம்ப விலகினால், கருவிக் கோளாறு என்று தள்ளிவிடுவோம். அதுதான் விதி.

மணி 11:00. 'டிங்.' ஒரு சரக்குக் கப்பலின் காற்றழுத்தம் 961. கணிப்போ 1004. அது புயலின் நடுவில் வரும் எண். அங்கே ஏது புயல்? தள்ளினேன்.

அந்தக் கப்பலில் அளவெடுப்பவர் என் அத்தான், அக்காவின் கணவர். 'மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க அத்தான்' என்று மனதுக்குள் கிண்டல் வேறு.

12:10. மறுபடி 961. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்புகிற மனிதர்...

12:20. 961.

12:30. 961. கப்பல் இம்மியும் நகரவில்லை.

அக்கா போன் செய்தாள்.

"காலையில பேசுறேன்னாரு. பேசலடா."

"கடல் அமைதியாத்தான் இருக்குக்கா. பயப்படாத."

சொல்லிவிட்டுத் திரையை மறுபடி பார்த்தேன்.

மதியம் ஒரு மணிக்கு வரும் அறிக்கையைப் பார்த்துத்தான் நாற்பது மீன்பிடிப் படகுகள் கிளம்பும். அதிகாரியிடம் ஓடினேன்.

"ஊரே ஒண்ணு சொல்லுது, ஒத்தக் கப்பல் வேற சொல்லுதா? தூக்கிப் போடுப்பா."

12:40. முழு வரியையும் படித்தேன். காற்றின் வெப்பம் 26.4. கடல்நீரின் வெப்பம் 26.4. இரண்டு கருவியையும் ஒரே தண்ணீரில் முக்கியது போல...

டிங். 961.

டிங். 961.

டிங்...

"போதும் அத்தான்!" வாய்விட்டே அழுதேன்.

12:52. விதியை மீறி அந்த எண்ணைச் சேர்த்தேன். திரையில் புயல் எழுந்தது.

சத்தம் நின்றது.

படகு ஒன்றுகூடக் கிளம்பவில்லை. சாயங்காலம் புயல் கரையைப் புரட்டிப் போட்டது. நாற்பது வீட்டிலும் அன்று அடுப்பு எரிந்தது. அக்கா வீட்டில் எரியவில்லை.

மூன்றாம் நாள் உயிர்காப்புப் படகில் கரை சேர்ந்த அந்தக் கப்பலின் கேப்டன் சொன்னார். ரேடியோ உடைந்துவிட்டதாம். அளவீடு அனுப்பும் கருவி மட்டும்தான் மிச்சமாம். அத்தான் அதில் ஒரே ஒருமுறை அனுப்பினாராம், 11:00-க்கு. "என் மச்சான் பார்ப்பான். உடனே ஆள் அனுப்புவான்" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னாராம்.

கப்பல் 12:05-க்கு மூழ்கியது. அத்தான் அந்தக் கருவி இருந்த அறையை விட்டு வெளியே வரவேயில்லை.

உயிரோடு அனுப்பியது அந்த ஒன்றுதான். அதைத்தான் நான் தள்ளினேன்.