வெள்ளை உடைக்கு எந்த அடி

பிள்ளைகளே, ஒருவரும் வாய் திறக்காத படத்தில் கதை எப்படிப் புரியும் என்று நான் யோசித்ததே இல்லை. என் மகள் போனில் பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்த பிறகுதான் யோசித்தேன்.

பதுளையில் நடந்த மாணவர் போட்டிக்காக, ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் தேயிலை மலையிலேயே எடுத்தாள். சிவப்புச் சேலை கட்டிய தாய் ஒருத்தி கொழுந்து பறிக்கிறாள். கை செடிக்கும் கூடைக்குமாகப் போய் வருவதையே என் மகள் நடனமாக ஆட வைத்திருந்தாள். முடிவில் பச்சை மலை நடுவே, பனிக்குள்ளிருந்து, அந்தத் தாயின் மகள் வெள்ளைச் சீருடையில் வருகிறாள். தாய்க்குக் கிடைக்காத பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். பின்னணிக்கு என் தப்பு மேளம். தோட்டத்தில் திருவிழாவுக்கும் சாவுக்கும் அடிப்பது அதைத்தான். பதினைந்து வயதிலிருந்து அடிக்கிறேன்.

படத்தைக் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்குக் காட்டினாள். நானும் அன்றுதான் பார்த்தேன். வெள்ளை உடை வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்தார்.

“நல்லாத்தானேடி பறிச்சுக்கிட்டு இருந்தா. எப்படிச் செத்தா?”

“யாரும் சாகல அத்தை. அவ மக ஸ்கூலுக்குப் போறா.”

“அப்ப உங்கப்பன் ஏன்டி பொணம் தூக்குற அடி அடிக்கிறான்?”

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. நான் பல அடிகளை அடித்துக் காட்டியதைப் பதிந்து வைத்து, மெதுவாக, அழகாக இருக்கிறதென்று அந்தச் சாவு அடியைப் போட்டுவிட்டாள். வெள்ளையும் அந்த அடியும் சேர்ந்தால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“மேளமே வேணாம்மா. டவுன் ஆளுங்க பாக்குறது. கீபோர்டு ஏதாவது போடு.”

“அடிய மாத்துனா போதும். மேளத்த ஏன்ப்பா மாத்தணும்?”

“சாவு மேளக்காரன் மகள்னு உன்னச் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும். நீங்க தீ மூட்டிக் காய்ச்சுங்க.”

லயத்துக்குப் பின்னால் சருகு கூட்டி, தோல் விறைக்க மேளத்தைக் காய்ச்சினேன். மகள் படத்தை ஓடவிட்டு, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். வெள்ளை உடையில் வரும் அந்தப் பிள்ளையின் நடையைப் பார்த்துப் பார்த்து, சாமி தேர் புறப்படும்போது அடிக்கிற அடியை அடித்தேன். அவள் கால் வைத்த இடத்தில் அடி விழ நாலைந்து தரம் ஆயிற்று. உடை அதே வெள்ளைதான். ஆனால் இப்போது அது துவைத்து, ஸ்திரி போட்டு, காலையில் உடுத்திய வெள்ளையாகத் தெரிந்தது.

பதுளையில் போட்டி நடந்த மண்டபத்தில் எனக்கு முன்னால் ஒரு சிங்கள ஆசிரியை இருந்தார். எங்கள் அடிகள் அவருக்கு எங்கே தெரியும்? பனியை விட்டு வெள்ளை உடை வெளியே வந்தபோது அவருடைய செருப்பு தரையில் தாளம் போட்டது. பக்கத்திலிருந்தவரிடம், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள் என்று சிங்களத்தில் சொன்னார்.

கடைசியில் எழுத்து ஓடியது. ‘தப்பு மேளம்: என் அப்பா’ என்று வந்ததும் என் மனைவி முழங்கையால் இடித்தாள்.

“எந்திரிச்சு நில்லுங்க. ஆளு யாருன்னு பாக்கட்டும்.”

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.