அக்கா கீறிய டி

புல் வெட்டத்தான் என்னை அந்த உதைபந்தாட்ட மைதானத்தில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். அங்கே பெண்களின் சர்வதேச ஹொக்கிப் போட்டி நடக்குமென்று யார் கண்டது? பனியில் ஆடுவதில்லை, எங்கள் ஊரைப்போலப் புல்லில் ஆடுவது. அதற்கு ரொறன்ரோவில் வேறு இடம் கிடைக்கவில்லையாம். உதைபந்துக் கோடுகளைப் பச்சைப் பெயின்றால் மறைத்து, இரண்டு பக்கமும் கோலுக்கு முன்னால் ‘டி’ கீறும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளே நின்று அடித்தால்தான் கோல்.

போட்டியன்று காலை அக்காவை ரெக்ஸ்டேல் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போகும் வழியில், என் கைவண்ணத்தைக் காட்டலாமென்று காரை நிறுத்தினேன். அக்கா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவள். மாகாண அணிக்குத் தெரிவான வருடம்தான் நாங்கள் இடம்பெயர்ந்தோம். மட்டை வீட்டோடு போய்விட்டது.

“உது பிழை,” என்றாள். “நடுவிலை ஒரு முளை அடிச்சு அரைவட்டம் கீறியிருக்கிறாய். ரெண்டு கம்பத்திலையிருந்தும் ரெண்டு கால்வட்டம் கீறி, நடுவிலை நேர்க்கோடு போட்டுப் பொருத்த வேணும்.”

சொல்லிவிட்டு நிற்கவில்லை. நான் பிழைக் கோட்டைப் பச்சையால் மறைக்க, வேலை உடுப்போடு முழங்காலில் இருந்து கயிறு பிடித்துத் தானே வெள்ளைப் பெயின்றால் கீறினாள். ஒரு பக்கம் முடியும்போதே அவளுக்கு நேரமாகிவிட்டது.

“இண்டைக்கு மட்டும் லீவு கேளன் அக்கா.”

“சேந்து ரெண்டு கிழமை. கேட்டால் வீட்டை அனுப்பிப் போடுவாங்கள். மற்றப் பக்கத்தையும் இப்பிடியே கீறு.”

அவளை இறக்கிவிட்டுத் திரும்பிவந்து கீறினேன். மத்தியானம் ஆட்டம் நடந்தது. விழுந்தது ஒரேயொரு கோல். அதுவும் நான் கீறிய பக்கத்தில். அக்காவின் பக்கத்தில் விழவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

வேலை முடிந்து காரில் ஏறியவள் யார் வென்றதென்று கேட்கவில்லை. “கோல் எந்தப் பக்கம்?” என்றாள்.

“நீ கீறின பக்கம்.”

கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயின்றைப் பார்த்தாள். தொழிற்சாலையில் எத்தனை தரம் கை கழுவினாளோ, அது போகவில்லை.

வருடங்கள் போய்விட்டன. இப்போது அங்கே பிளாஸ்ரிக் புல். போன கிழமை ஸ்ரௌவ்வில் ஊரிலிருந்து வரும்போது அக்கா அங்கே காரை நிறுத்தச் சொன்னாள். பின்சீற்றில் இருந்த தன் மகளிடம், “நான் கீறின கோட்டுக்குள்ளையிருந்துதான் அண்டைக்குக் கோல் அடிச்சவை,” என்றாள்.

“ஓம்,” என்றேன். அந்தக் கோல் இனி அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.