மாப்பிள்ளை போட்ட பச்சை ஜாக்கெட்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் ஜாக்கெட் தைக்க என்னிடம் வராத பெண்கள் கண்டி டவுனில் குறைவு. கெலிஓயாவில் மாடி வீடு கட்டியதும் அந்தத் தையலில்தான். இப்போது மாலையானால் உடம்பு கெஞ்சுகிறது. அன்றைக்கும் கடையை மூடிவிட்டுப் படுக்கத்தான் நினைத்தேன். மகள் விடவில்லை.

"ஒங்க மாப்பிள்ளை நாடகத்துல நடிக்கிறாருப்பா. முன்வரிசையில எடம் வச்சிருக்கேன்."

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். ஏதாவது ராஜா வேஷமாக இருக்கும் என்று போய் உட்கார்ந்தேன். பார்த்தால், ஆண்கள் ஐந்து பேர் பெண் வேஷம் கட்டிப் பாடி ஆடுகிற நாடகம். மைக் சத்தத்தில் தலை இடித்தது. கண்ணை மூடப்போன நேரத்தில் சரிகை வைத்த பச்சை ஜாக்கெட்டில் ஒருத்தி நடுமேடைக்கு வந்தாள். முகம் பிடிபடவில்லை. ஜாக்கெட் பிடிபட்டது. போன வாரம் மகள் கேட்டு நான் தைத்தது. அதற்குப் பிறகுதான் அது மாப்பிள்ளை என்று தெரிந்தது.

"பருமனான பொம்பளை ஒருத்திக்குன்னுதானே சொன்ன?"

"உண்மையச் சொன்னா தைச்சிருப்பீங்களா?" என்றாள் மகள்.

தைத்திருக்க மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் என் பயம் வேறு. அவள் தந்த சீட்டில் மார்பளவும் இடுப்பளவும் மட்டும்தான் இருந்தன. அக்குளைப் பெண்களுக்கு வெட்டுகிற மாதிரியே இறுக்கமாக வெட்டிவிட்டேன். மாப்பிள்ளை வாலிபால் ஆடுகிறவர். கை பாதி உயரும்போதே தையல் விம்மியது.

"கடைசிப் பாட்டுல ரெண்டு கையையும் தூக்கி ஆடணும்ப்பா."

மண்டபத்தில் பாதிப் பேர் என் வாடிக்கைக்காரர்கள். அங்கே கிழிந்தால் இத்தனை வருஷப் பேர் சந்தி சிரிக்கும்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனேன். மாப்பிள்ளை பதறிப்போய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"மாமா... கோவிச்சுக்காதீங்க."

"கோவமெல்லாம் அப்பறம். ஜாக்கெட்டைக் கழட்டுங்க."

பக்கத்தில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்த இன்னொரு வேஷக்காரன், "டெய்லர் மாமா, எனக்கும் இடுப்பைக் கொஞ்சம் புடிச்சு விடுங்களேன்" என்றான்.

"ஒனக்கு இடுப்பே இல்லியேடா!"

உள்ளே ஒரு அங்குலம் துணி விடாமல் நான் எதையும் தைத்ததில்லை. அங்கிருந்த ஊசி நூலை வாங்கி, பழைய தையலைப் பிரித்துத் தளர்த்திக் கையால் தைத்தேன். நூல் கோக்க மூன்று தடவை ஆனது. கடைசி முடிச்சுப் போடும்போது மணி அடித்துவிட்டது.

முன்வரிசைக்குத் திரும்பிப் போகத் தெம்பில்லை. படுதாவுக்குப் பின்னால் ஒரு கதிரையில் சாய்ந்து, மிச்ச நாடகத்தை மாப்பிள்ளையின் முதுகுப் பக்கமிருந்து பார்த்தேன். கடைசிப் பாட்டு வந்தது. இரண்டு கையும் மேலே போயின. தையல் அசையவில்லை. கைதட்டல் ஓயவே நேரமெடுத்தது.

வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். "எப்பிடி மாமா?"

"அடுத்த தடவை நீங்களே கடைக்கு வாங்க. நான் அளவெடுக்கிறேன்" என்றேன்.

பிறகு மகளிடம் ஒரு ஆட்டோ பிடிக்கச் சொன்னேன்.