எதிர்வீட்டு ஜன்னலுக்கு மேலே ஒரு பேரடை

என் கணவரின் மணிக்கட்டு உடைந்தது மார்கழி அமாவாசையன்று, சனிக்கிழமை. சாயங்காலமே டிரான்ஸ்பார்மர் வெடித்து மல்காஜ்கிரியில் எங்கள் பகுதி முழுக்க இருண்டிருந்தது. இரண்டு குளிர்காலமாக அவர் காத்திருந்த இருட்டு. தொலைநோக்கியை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

அவர் தேடியது தெற்கு வானத்தின் ஒரு பேரடையை, கோடானுகோடி விண்மீன்கள் திரண்ட கூட்டத்தை. ஏறக்குறைய ஆறு கோடி ஒளியாண்டு தூரம். நடுவே நீண்ட பட்டை, அதன் இரு முனைகளிலிருந்தும் சுருண்டோடும் கரங்கள், மையத்தில் அருகே வருவதையெல்லாம் விழுங்கும் கருந்துளை. எங்கள் மாடியிலிருந்து அது எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே வரும். கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டுமென்று டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றியிருந்தேன்.

எதிர்க் கட்டடத்தில் அந்தத் தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவர் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைக் கேமரா என்று நினைத்திருக்கிறார். கையில் கிரிக்கெட் ஸ்டம்போடு எங்கள் மாடியேறி வந்தார். மூன்று தலைமுறையாக உருதும் தெலுங்கும் பேசும் இந்த ஊரிலேயே இருக்கும் தமிழர்; 'ஏன்' என்பது அவர் வாயில் உருதுக் 'கைக்கு'தான்.

"கைக்கு பாக்குற அங்க? என் பொண்ணு ரூம் அது."

"வானத்தைப் பாக்கறோம் சார். நீங்களே பாருங்க," என்றார் கணவர்.

குனிந்து பார்த்தார். "ஒண்ணுமே இல்லியே. திருப்பி வச்சிட்டியா?"

"நேரா பாத்தா தெரியாது சார். ஓரக்கண்ணால பாக்கணும்."

மங்கலானதைப் பார்க்க அதுதான் முறை. பெண்ணைப் பெற்றவரிடம் சொல்லும் வார்த்தையா அது? "உனக்குப் பழக்கம்டா," என்று சொல்லிக்கொண்டே கணவரின் கையில் ஸ்டம்பால் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடியில் தொலைநோக்கிக் குழாய் சரிந்து உள்ளிருந்த ஆடி நொறுங்கியது. மூன்றாவது அடி கணவரின் தலைக்கு ஓங்கியபோது, குழாயைச் சமநிலையில் நிறுத்தும் எடைக்கல்லை எடுத்து அந்த ஆளின் முகத்தில் வீசினேன். புருவம் கிழிந்து ரத்தம் சட்டை முழுக்க வழிந்தது. அப்போதும் ஸ்டம்பை விடவில்லை. எங்கள் கீழ்வீட்டுக்காரர்கள் வந்து பிடுங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கணவர் வலியோடு அந்தப் பேரடையைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். தன்னை ஒருவர் நம்பினால் போதும் கணவருக்கு; அந்த ஒருவர் தன்னை அடித்த இவராக இருக்க வேண்டும்.

"அத்தனை தூரத்துல இருக்கறதுக்கு என் வீட்டுப் பக்கம்தான் வழியா?" என்று கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரர் புருவத்துக்குத் தையல் போட உள்ளே போனார்.

பொங்கலுக்குள் மகளின் அறை ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அந்தப் பெண் இப்போது பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் படிக்கிறாளாம்.