மண் தின்னும் மீனும் ஒரு மூலையும்

கடலே தெரியாத ஊரில் மீன் விற்றால், மீனைவிடச் சந்தேகங்கள்தான் அதிகம் வந்து சேரும். என்னைப்போல மலையில் கடை போட்டு மல்லாடுகிறவர்களுக்கு இது புரியும்.

நான் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். கொட்டகலை பஜாரில் அக்கா புருஷன் தன் மீன்கடையில் ஒரு மூலையை எனக்குத் தந்தார். அவர் விற்கும் கெலவல்லா, சாலயா என்ற கடல்மீன்களை நான் தொடக்கூடாது. கார்த்திகை முடிவதற்குள் வியாபாரம் பிடிக்காவிட்டால் மூலையைக் காலி செய்ய வேண்டும். அதனால் மட்டக்களப்பில் கடலை ஒட்டிய உப்பேரியான களப்பிலிருந்து மணலை மீன் எடுத்தேன். மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்குவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

வயிற்றில் சேறு

முதல் வாரமே லிந்துலையிலிருந்து வரும் சரோஜாக்கா வெட்டிய மீனைத் திருப்பிக் கொண்டுவந்தார். வயிற்றுக்குள் கன்னங்கரேலென்று சேறு. அழுகல் மீன் என்று பஜாருக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கும் விஷயம் தெரியாது. அங்கேயே மட்டக்களப்பு வியாபாரிக்குப் போன் போட்டேன். ஆறும் கடலும் கலக்கும் இடத்துச் சேற்றை உறிஞ்சி, அதிலுள்ள பாசியையும் மக்கிய இலைதழையையும் தின்றுதான் மணலை வளரும் என்றார். அப்படியே ஒப்பித்தேன். சரோஜாக்கா மீனைத் தராசில் போட்டார். "மண்ணத் தின்னது மீனு. அதுக்கு நாங்க காசு குடுக்கணுமாங்க?"

கெட்டி உருண்டை

அன்றிலிருந்து எல்லா மீனையும் வாங்குகிறவர் கண்முன்னே வெட்டிக் கழுவினேன். அதில் அடுத்த வம்பு. கோழி வயிற்றில் இருப்பதுபோல கெட்டியான உருண்டை ஒன்று இந்த மீனிலும் உண்டு. மண்ணோடு போன தீனியை அரைப்பது அதுதான். பஸ் கண்டக்டர் முருகையா அதைப் பார்த்துவிட்டு, நான் கோழிக்கடைக் கழிவைத் திணித்து எடை கூட்டுவதாகப் பழி போட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தியை அவர் கையில் கொடுத்து இன்னும் சில மீன்களைக் கீற வைத்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. அதோடு விடாமல் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை அடுப்பில் அந்த உருண்டைகளை மிளகு போட்டு வதக்கி நீட்டினேன். மென்றுகொண்டே சொன்னார்: "நாளைக்கும் இத எடுத்து வைங்க. மீன வேற யாருக்காச்சும் வித்துருங்க."

சினை எங்கே?

பிறகு எல்லோரும் சினை கேட்டார்கள். களப்பில் பிடிபடுபவை பெரும்பாலும் இளசுகள். சினை வைக்கச் சில வருடங்கள் வளர வேண்டும். மழையில் முகத்துவாரம் திறந்ததும் வளர்ந்தவை முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் களப்புக்கே திரும்பி வரும். மழை வரட்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கார்த்திகையில் கிழக்கே கொட்டியது. அங்கிருந்து வந்த மீன்பெட்டியைத் திறந்தால் வயிறு புடைத்த மணலை. மத்தியானத்துக்குள் எல்லாம் தீர்ந்தது. அக்கா புருஷன் காலிப் பெட்டியை எட்டிப் பார்த்தார். "மூல ஒனக்குத்தான். அந்த உருண்டைய மட்டும் எனக்கு ஒதுக்கி வை."

மலர் கேட்டது

மறுநாள் மலர் வந்தாள். கொழுந்து மலையில் என் பக்கத்து நிரையில் நின்றவள், இப்போது ஏழு மாதம். நான் கீறிய மீனில் மஞ்சளாகச் சினை. முட்டையிடப் போகும் வழியில் பிடித்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சங்கடமாக இருந்தது, கத்தியைப் பலகையில் வைத்துவிட்டேன். வாங்காமல் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். "வெட்டுங்கக்கா. நானுந்தான் இந்த வயித்தோட மல ஏறுறேன், யாரு பாவம் பாக்குறாங்க?"

மூலை எனக்கே நிலைத்துவிட்டது. சேற்றுக்கும் உருண்டைக்கும் பதில் கைவசம் இருக்கிறது, மலர் கேட்டதற்கு மட்டும் அவள் பொட்டலத்தில் சினையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக் கட்டுகிறேன்.