பொன்வண்டு இறகு தைத்த துணி

ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் சின்ன ஃபிளாட். அதில் கட்டிலுக்கு அடியிலும் அலமாரியிலும் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தையல் வேலைகள்: பாசிமணி கோத்த சுருக்குப்பைகள், சரிகைப் பூ போட்ட தொப்பிகள், கண்ணாடி மணியால் கிளி தைத்த வாசல் தொங்கல்கள். மெல்லிய கோடு எங்கே இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். வேறு காரணம் இல்லை.

போன வருஷம் கோபாலபுரத்தில் இடிக்கப்போகிற ஒரு பங்களாவிலிருந்து ஒரு மஸ்லின் துணி கிடைத்தது. பொன்வண்டின் முதுகை மூடும் கெட்டி இறகுகளை இலை வடிவத்தில் நறுக்கி, சரிகையோடு சேர்த்துத் தைத்தது. இறகு வேலை என்பார்கள். அந்தக் காலத்து மெட்ராஸில் வெள்ளைக்காரத் துரைசானிகளின் கவுனுக்காகச் செய்தது. சரிகை கறுத்துப்போயிருந்தது. இறகுகள் மட்டும் நேற்றுப் பிடித்த வண்டு மாதிரி பச்சையாக மின்னின. மடிப்புகளுக்குள் வெளுத்த பொடி ஏதோ படிந்திருந்தது.

கிழிசல் தைக்க ராயப்பேட்டையில் ஒரு பாயிடம் எடுத்துப் போனேன். கல்யாண ரவிக்கைகளுக்குப் பூ வேலை செய்பவர். துணியை விரித்தவர் உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"இத்த மூஞ்சிகிட்ட வெச்சிப் பாக்காதீங்க சார். பூச்சி அரிக்காம இருக்கப் பாஷாணம் தூவிக்கீறாங்க. இந்த மாதிரி பழசுல கை வெச்சு எங்க தாத்தாவுக்கு விரல் முச்சூடும் புண்ணு."

தைக்கவும் மறுத்துவிட்டார். வேலைக்கு மனமில்லாமல் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துச் சுருட்டி எடுத்து வந்தேன்.

என் தங்கை மகள் அடையாறில் இருக்கிறாள். வேலை தி.நகரில். சில சனிக்கிழமைகளில் அலுவலகம் வைத்துவிட்டால் தன் இரண்டரை வயதுப் பெண்ணை என்னிடம் விட்டுப் போவாள். பாயிடம் போய்வந்த மறு சனிக்கிழமையும் அப்படித்தான். மதியம் குழந்தை தூங்கியதும் மேஜையில் துணியை விரித்து, ஒவ்வொரு இறகாக வரைபடத் தாளில் பதிந்து முடித்தேன். வாங்குகிற எல்லாவற்றையும் வரைந்து வைப்பது என் பழக்கம். மூன்று மணிக்கு எழுந்து பால் காய்ச்சப் போனேன். திரும்பி வந்தபோது குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். துணி பாதி அவள் மடியில், ஓரம் வாயில். கீழ் உதட்டில் பச்சையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

"முத்தாய்" என்றாள். மிட்டாய் என்று நினைத்திருக்கிறாள்.

வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். முழு இறகு ஒன்று வந்தது. தரையில் இரண்டு கிடந்தன. வரைபடத்தைப் பார்த்து எண்ணினேன். ஐந்து குறைந்தன. அப்படியானால் இரண்டு உள்ளே போயிருக்கின்றன. அவள் மோவாயெல்லாம் அந்த வெள்ளைப் பொடி. துண்டால் துடைத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்திருந்ததால் ஆட்டோ சந்து சந்தாகச் சுற்றியது. லஸ் பக்கம் வரும்போது குழந்தை என் சட்டைமேல் வாந்தி எடுத்தாள். வாந்தியில் இறகு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. தங்கை மகளுக்குப் போன் செய்து, குழந்தை எதையோ விழுங்கிவிட்டாள், பயப்படாதே, ஆஸ்பத்திரிக்கு வா என்று மட்டும் சொன்னேன்.

அவசரப் பிரிவில் இளம்வயது டாக்டரம்மா. துணியில் தைத்த வண்டு இறகு என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூர்மையாக இல்லாவிட்டால் தானாக வெளியே வந்துவிடும், எதற்கும் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்.

"வேற மருந்து, கெமிக்கல் ஏதாவது வாயில போயிருக்குமா சார்?"

"இல்லை" என்றேன்.

ஏன் சொன்னேன்? விஷம் என்றால் போலீசுக்குத் தகவல் போகும் என்பது தெரியும். வீட்டுக்கு வருவார்கள், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று ஒரு பயம். தங்கை மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இன்னொரு பயம். பாய் சொன்னது வெறும் பேச்சாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் மணி நேரம் அந்தப் பெஞ்சில் அப்படி உட்கார்ந்திருந்தேன். குழந்தை என் தோளில் வாடிக் கிடந்தாள். அவள் மூச்சை எண்ணினேன். வேகமாக இருப்பதுபோல் பட்டது.

தங்கை மகள் ஓடி வந்தாள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு கன்னத்திலும் வாயிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். நான் தண்ணீர் விட்டுக் கழுவாத வாய் அது.

"வாயில முத்தம் குடுக்காதே. அதுல பாஷாணம் இருக்கலாம்" என்றேன்.

அதற்குப்பின் எல்லாம் ஓட்டமாக நடந்தது. பக்கத்தில் நின்றிருந்த டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. குழந்தையைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். அவள் அலறல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருந்த அந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே மோசமானது. ஒரு கான்ஸ்டபிள் வந்து என் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டார். நான் போனில் சொன்னபடி பக்கத்து வீட்டுக்காரர், பூட்டாமல் வந்த என் வீட்டுக்குள் போய், கையுறை போட்டுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்தார். அது பரிசோதனைக்குப் போனது.

தங்கை மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "முதல்லயே தெரியுமா மாமா?"

"தெரியும்."

அவள் அழவில்லை. எழுந்துபோய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மூன்று நாள் குழந்தையை அங்கேயே வைத்திருந்தார்கள். துணியில் பாஷாணம் இருந்தது உண்மை. குழந்தையின் உடம்பில் கவலைப்படும் அளவுக்கு ஏறவில்லை. கழுவியதாலா, அவள் கொஞ்சமாகத்தான் நக்கினாளா என்று டாக்டரம்மாவுக்கே சொல்லத் தெரியவில்லை. வேண்டுமென்றே செய்ததல்ல என்று போலீசும் விட்டுவிட்டது.

மற்ற துணிகளை உறைகளில் அடைத்து இரும்புப் பெட்டியில் பூட்டி, பால்கனியில் வைத்திருக்கிறேன். எதில் என்ன தூவியிருக்கிறதோ, திறக்கத் தைரியமில்லை. யாருக்காவது கொடுக்கவும் தைரியமில்லை.

குழந்தை இப்போது மந்தைவெளிக்கு வருவதில்லை. மாதம் ஒருமுறை நான் அடையாறு போகிறேன். போன ஞாயிறன்று அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த இட்லித் துண்டை என் வாயில் ஊட்டினாள். அவள் அம்மா காபி கொடுத்தாள், வெயிலைப் பற்றிப் பேசினாள். ஆனால் நான் கிளம்பும்வரை, குழந்தையை என்னோடு தனியாக விட்டு அந்த அறையைவிட்டு அவள் எழுந்து போகவில்லை.